பழைய வண்டியும் பழைய பள்ளியும்

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் முற்பகலில், எங்கள் பள்ளித் திடலில் பதினொரு பழைய மகிழுந்துகள் வந்து நின்றன. எங்கள் பள்ளி தென்பேராக்கில், பழைய கூட்டரசுச் சாலையிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே, செம்பனைகளுக்கு நடுவே இருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளி. வழி தவறியவர்களும் தேர்தல் காலத்து வேட்பாளர்களும் அன்றி வெளியார் எவரும் அங்கு வந்ததில்லை. ஆகவே, ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்த அவ்வண்டிகளைக் கண்டதும், வகுப்பறைகளிலிருந்து பொருள்களை வெளியேற்றிக்கொண்டிருந்த பெற்றோரும் பிள்ளைகளும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் திடலுக்கு ஓடினர்.

வந்தவர்கள் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட பழைய மகிழுந்து ஆர்வலர் சங்கத்தினர். மாதம் ஒரு முறை, வார இறுதியில், தத்தம் வண்டிகளை எடுத்துக்கொண்டு நாட்டுப்புறச் சாலைகளில் உலா வருவது அவர்களுடைய வழக்கமாம். அன்று விடியலில் ரவாங்கில் கூடி, செரண்டா, களும்பாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் என்று ஊர் ஊராக வந்து, பீடோரில் பசியாறி, தாப்பா வழியாக ஈப்போ சென்று இரவு தங்குவது திட்டம். வடக்கு தெற்கு விரைவுச்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டபின், வேகம் வேண்டுவோர் எல்லாரும் அதன்வழிப் போய்விட்டனர். பழைய சாலை உள்ளூராருக்கும் லாரிகளுக்கும் இத்தகைய பொழுதுபோக்கு வண்டிகளுக்கும் என எஞ்சியது. வழியில் ஒரு மோரிஸ் மைனரின் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சாலையோரத்தில் எங்கள் பெயர்ப்பலகையைக் கண்டு, நீர் கேட்கலாம் என்று உள்ளே திரும்பியிருக்கின்றனர். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் செல்வது அவர்கள் முறையன்று போலும். ஒன்று நின்றதும் பதினொன்றும் நின்றன.

விடுமுறை நாளில் பள்ளி திறந்திருந்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த கல்வியாண்டில் எங்கள் பள்ளி இடம்பெயரவிருந்தது. பதினெட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால், பட்டணத்து ஓரத்தில் எழுந்துள்ள குடியிருப்புப் பகுதியில் புதிய கட்டடம் ஏறத்தாழ முடிந்திருந்தது. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று பிரித்து வைக்கவே அன்று கூட்டுப்பணிக்கு அழைத்திருந்தேன். பெயர்ப்பலகை, வெண்கல மணி, 1950களிலிருந்து தொடரும் மாணவர் பதிவேடுகள், துருவேறிய விளையாட்டுக் கிண்ணங்கள் ஆகியவை தாழ்வாரத்தில் வரிசையாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கியதில் எனக்குப் பெருமிதமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மோரிஸ் மைனரின் உரிமையாளர் எழுபதைக் கடந்த சீனப் பெரியவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். என்னைச் ‘சிக்கு’ என்று விளித்து மலாயில் பேசினார். 1960இல் அவருடைய தந்தையார் புதிதாக வாங்கிய வண்டியாம் அது. ரேடியேட்டர் ஆறும்வரை பிள்ளைகளுக்கு அதனைச் சுற்றிக் காட்டினார். இக்கால வண்டிகளில் விளக்கு மின்னுவதற்கு மாறாக, அவ்வண்டியில் திரும்பும் பக்கத்துத் தூணிலிருந்து சிறு கையொன்று ‘டக்’கென்று வெளியே நீளும்; நீண்ட கை ஒளிரும். பிள்ளைகள் அதனை இருபது முறையாவது நீட்டச் சொல்லியிருப்பர். அவரும் சலிக்காமல் நீட்டினார்.

பிறகு நான்தான் பேச்சை வளர்த்தேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வண்டியை எவ்வாறு இப்படியே வைத்திருக்க இயலும் என்று வியந்து கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இப்படியே எங்கே வைத்திருக்கிறேன் என்று பட்டியலிட்டார். இயந்திரம் வேறொரு மோரிஸிலிருந்து எடுத்தது. தரைத்தகடு துருவேறிப்போக, அதனை அறுத்தெடுத்துப் புதிய தகடு பற்றவைத்தது. முன் மட்கார்டுகள் இங்கிலாந்திலிருந்து தருவித்தவை. இடக் கதவு, விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றின் மிச்சம். இருக்கை உறை, கண்ணாடி, மின்கம்பிகள், சக்கரங்கள், சாயம் யாவும் பிற்காலத்தவை. கூரையும், ஸ்டீயரிங் வளையமும், அந்த இரண்டு கைகளும், எண் பொறித்த அடையாளத் தகடுமே தந்தையார் காலத்தவை என்றார்.

அருகில் நின்ற நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என் சட்டையைத் தொட்டுக் கேட்டாள்: “அப்படியென்றால் இது அந்தத் தாத்தாவோட அப்பா வாங்கின வண்டி இல்லையே ஐயா? வேற வண்டிதானே?”

நான் அதனை மலாயில் பெயர்த்துச் சொன்னேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “நீங்கள் ஆசிரியர். நீங்களே சொல்லுங்கள்” என்று என் பக்கம் தள்ளிவிட்டார். பிள்ளையோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இவ்வாறு சமாளித்த வேளைகள் பல உண்டு. இவ்வொன்று மட்டும் என்னை விடாமல் தொடர்ந்தது.

அப்பிள்ளை கேட்டது புதிய வினா அன்று. கிரேக்க வீரன் தீசியஸ் ஊர்ந்து திரும்பிய முப்பது துடுப்பு மரக்கலத்தை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் பேணி வந்தனர் என்றும், உளுத்த பலகைகளை அகற்றிப் புதிய பலகைகளைப் பொருத்திக்கொண்டே இருந்தனர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். அது அதே கலம் என்பார் சிலர், அன்று என்பார் சிலர். அறிஞர் வாதிடுவதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டாயிற்று. 1655இல் ஆங்கில அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் அதில் மேலும் ஒரு முடிச்சுப் போட்டார். அகற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்திருந்து, அதே வரிசையில் பொருத்தி இன்னொரு கலம் செய்தால் எது தீசியஸின் கலம்? இடைவிடாது பேணப்பட்டதா, பழைய பலகைகளால் ஆனதா? இரண்டும் என்றால் ஒன்று இரண்டாகிவிடும்.

நம் பக்கத்து மரபிலும் இவ்வாராய்ச்சி உண்டு. மிலிந்தன் எனப்படும் மெனாண்டர் மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நிகழ்ந்ததாகப் பாலி நூலொன்று கூறும் உரையாடலில், தேரையே சான்றாக வைக்கிறார் துறவி. தேரில் வந்ததாகச் சொல்கிறாயே, அச்சு தேரா, ஆழி தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரன்று என்று மன்னன் வாயாலேயே சொல்லவைக்கிறார். உறுப்புகள் ஒன்றுகூடிய நிலைக்கு நாம் இட்டு வழங்கும் பெயரே தேர். நாகசேனன் என்பதும் அத்தகைய பெயரே என்று முடிக்கிறார். வாதம் கூர்மையானது. ஆயினும், தேரில் வந்த மன்னன் திரும்பிப் போகும்போது அதே தேரில்தான் ஏறியிருப்பான். வேறொருவன் தேரில் ஏறியிருந்தால் வழக்கு வந்திருக்கும்.

வழக்கு என்றதும் நினைவுக்கு வருவது 1990இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்று. மகிழுந்து ஆர்வலரிடையே பெயர்பெற்ற அவ்வழக்கைத் தத்துவ மாணாக்கரும் அறிந்திருத்தல் நலம். ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பெயருடைய பென்ட்லி பந்தய வண்டி, பிரான்சின் லெ மான் நகரத்து இருபத்து நான்கு மணி நேரப் போட்டியில் 1929இலும் 1930இலும் வென்றது. இரு முறையும் அதனைச் செலுத்தியவருள் ஒருவர் உல்ஃப் பார்னாட்டோ. பின்னர் அதனை இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கென மாற்றியமைத்தனர். 1932இல் அங்கு நேர்ந்த விபத்தில், செலுத்திய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த வண்டி மீண்டும் கட்டப்பட்டுச் சாலையில் ஓடும் மூடுவண்டியாயிற்று. அதன் பிறகும் மாற்றங்கள் பல. பல்லாண்டு கழித்து அதனைப் பெருந்தொகைக்கு வாங்க ஒப்பியவர்கள், இது அந்த வண்டியே அன்று என்று பின்வாங்கினர். விற்றவர் நீதிமன்றம் ஏறினார்.

நீதிபதி ஆட்டன் அவ்வண்டியின் வாழ்க்கை வரலாற்றை ஆண்டு ஆண்டாக ஆராய்ந்தார். 1929ஆம் ஆண்டில் வென்ற வண்டியின் உறுப்புகளில் ஏறத்தாழ எதுவும் எஞ்சவில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும், எந்தக் கட்டத்திலும் அவ்வண்டி இல்லாமற்போய்ப் பின்பு புதிதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு மாற்றமும் இருந்த வண்டியின்மேல் செய்த மாற்றமே. ஆகவே அப்பெயருக்கு உரியது அதுவே என்று தீர்ப்பளித்தார். முதலில் இருந்தபடியே இருக்கும் வண்டி என்றும் அவர் சொல்லவில்லை. செத்துப் பிழைத்த வண்டி என்றும் சொல்லவில்லை. தொடர்ச்சி அறாத வண்டி என்றே கொண்டார்.

இத்தீர்ப்பைப் படிக்கும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். பழைய வண்டி வாணிகத்தில் ஒரு மோசடி உண்டு. குப்பை மேட்டில் கிடக்கும் வண்டி ஒன்றின் அடையாளத் தகட்டை மட்டும் பெயர்த்தெடுத்து, புதிதாகச் செய்த உடலில் அறைந்து, இதுவே அந்தப் பழைய வண்டி என்று விற்றுவிடுவர். நீதிபதி ஏற்ற வண்டியிலும் பழைய உறுப்பு அரிது. மோசடி வண்டியிலும் அரிது. இரும்பை மட்டும் எடைபோட்டால் இரண்டும் ஒன்றே. வேறுபாடு இரும்பில் இல்லை. ஒன்றில் கைமாறும் ஒவ்வொரு கட்டமும் வெளிப்படை. மற்றொன்றில் நடுவே ஓர் இருட்டுப் பள்ளம் இருக்கிறது, அப்பள்ளத்தைத் தகட்டால் மூடியிருக்கிறார்கள்.

மோரிஸ் மைனரின் பிறப்பே இதற்கு நல்ல விளக்கம். அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், செய்து முடித்த மாதிரி வண்டி குறுகலாய்த் தோன்றுவதாகக் கருதி, அதனை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் விலகியபோது கண்ணுக்கு நிறைவாயிற்று என்று நிறுத்தினார். முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களை நடுவே வெட்டி, இடையில் துண்டு வைத்து ஒட்டினார்கள். 1948இல் விற்பனைக்கு வந்த அவ்வண்டியின் இயந்திரத்தை 1952 தொடங்கி ஆஸ்டின் வழிவந்த வேறோர் இயந்திரமாக மாற்றினர். 1956இல் இரு துண்டாய் இருந்த முன்கண்ணாடி ஒன்றாயிற்று. 1961இல், எங்கள் பிள்ளைகள் கண்டு மகிழ்ந்த அந்தக் கைகள் போய் மின்னும் விளக்குகள் வந்தன. இதயமும் கண்ணும் கையும் மாறிய பின்னரும் அது மோரிஸ் மைனராகவே 1971 வரை ஆலையிலிருந்து வெளிவந்தது. மொத்தம் 16 லட்சத்துக்கு மேல். செய்தவர்களே இவ்வளவு மாற்றினார்கள் என்றால், வைத்திருப்பவர் மாற்றியதைக் குற்றம் சொல்ல இயலுமா?

இவ்விடத்தில் ஒரு சிறு வேடிக்கை. மோரிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த வில்லியம் மோரிஸ் 1877இல் பிறந்தவர். அதே 1877இல் அதே பெயருடைய இன்னொரு வில்லியம் மோரிஸ், கவிஞரும் கைவினைஞருமானவர், பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்றை இலண்டனில் நிறுவினார். பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் பழுதுபார்த்து, முந்திய நூற்றாண்டுக் கட்டடம் போலவே ஆக்கிக் காட்டும் அக்கால வழக்கத்தை அவர் எதிர்த்தார். அன்றாடம் பேணிச் சிதைவைத் தள்ளிவைப்பதே முறை என்றார். பெயர் ஒன்றாயினும் ஆள் வேறு. பெயரால் மட்டும் ஒன்றை ஒன்றென்று கொள்ளலாகாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வகுப்பறைக்குக் கிடைக்காது.

இனி, இவ்வினா என்னை ஏன் உறுத்தியது என்பதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்ப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தது. பழைய மாணவர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: “வாத்தியாரே, பள்ளிக்கூடத்த எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க. பலகைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போறீங்க.” கூட்டத்தில் சிலர் கைதட்டினர். நான் பொறுமையாக விளக்கம் தந்தேன். 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, நம் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளி மூடப்படும். உரிமத்தைப் பிள்ளைகள் மிகுந்த இடத்துக்குக் கொண்டு சென்றால் பள்ளி வாழும். இவ்வாறு தோட்டத்துப் பெயரைத் தாங்கியபடியே பட்டணங்களில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் பல. எல்லாம் உண்மையே. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யன்று. கூட்டம் என் பக்கம் தீர்மானித்தது. ஆனால், பதினைந்து நாள் கழித்து அந்த மோரிஸின் முன் நின்றபோது, குப்பை மேட்டிலிருந்து பெயர்த்தெடுத்த தகடு என் நினைவுக்கு வந்தது. நான் செய்துகொண்டிருப்பது எதனை? பெரியவர் செய்ததையா, தகடு பெயர்ப்பவன் செய்வதையா?

முதலில் எனக்குச் சார்பாகவே வாதிட்டுப் பார்த்தேன். கட்டடம் பள்ளியன்று. எங்கள் கட்டடமே மூன்றாவது. அத்தாப்புக் கூரையில் தொடங்கிப் பலகைச் சுவருக்கு மாறி, பின்னர்ச் செங்கல் ஆயிற்று. ஆசிரியரும் மாணவரும் ஆண்டுதோறும் மாறுபவர். பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறியது. எழுத்தே மாறியது, பழைய பதிவேடுகளில் யானையின் துதிக்கைபோல் முன்னே வளைந்த ‘லை’யும் ‘னை’யும் இருக்கின்றன, 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தத்துக்குப் பிறகு நாம் அவற்றை விட்டுவிட்டோம், தமிழ் தமிழாகவே இருக்கிறது. ஆகவே, இடம் மாறினால் மட்டும் பள்ளி வேறாகிவிடுமா?

இவ்வாதம் சரியே. எனினும், நீதிபதி தேடியது அந்த அறாத தொடர்ச்சி. நான் அடுக்கிய சான்றுகள் எல்லாவற்றிலும் ஒன்று அறாமல் இருந்தது: அத்தாப்பிலிருந்து பலகைக்கு மாறியபோது பழைய கட்டடத்தில் படித்த பிள்ளையே புதிய கட்டடத்துக்கு நடந்து சென்றது. இப்போது அப்படியா?

பெரியவரிடம் அதன் பின்னர் நான் கேட்ட ஒரு கேள்விக்கு வந்த விடைதான் என்னைத் திருப்பியது. இவ்வளவு பாடுபட்டுக் காக்கும் வண்டியை வெயிலிலும் மழையிலும் முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓட்டுவானேன், ஓட ஓட உறுப்பு தேயும் அல்லவா, வீட்டில் துணி போர்த்தி வைத்தால் அப்படியே இருக்குமே என்றேன். அவர் தலையசைத்தார். தந்தையார் மறைந்தபின் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் கொட்டகையில் போர்த்தி வைத்தாராம். திறந்து பார்த்தபோது பிரேக் இறுகிப்போயிருந்தது. மின்கம்பிகளை எலி தின்றிருந்தது. தரைத்தகடு விரல் பட்டால் உதிர்ந்தது. அதற்கு முன்னர் ஓடிய காலமெல்லாம் தேய்ந்ததைவிட, நின்ற ஒன்பது ஆண்டுகளில் அழிந்தது மிகுதி என்றார். “நிற்கிற வண்டிதான் சிக்கு, சாகும்” என்றார் மலாயில்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அச்சங்கத்தார் மாதந்தோறும் செய்யும் உலா வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது. ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், மாற்றினால் பழமை குறையும். இது தெரிந்தே ஓட்டுகின்றனர். ஏனெனில், ஆளை ஏற்றி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுபோவதற்கென்று பிறந்தது வண்டி. அத்தொழிலை விட்டுவிட்டு ஆணி மாறாமல் நின்றால், இரும்பு அதே இரும்பாக இருக்கலாம். வண்டி என்று சொல்ல ஒன்றும் இராது. கிரேக்கரின் மரக்கலத்தைப் பற்றி வாதிட்டவர்கள் பலகைகளை எண்ணினார்களே ஒழிய, அதில் யார் ஏறினார்கள் என்று கேட்டதாக நான் படித்ததில்லை. நாகசேனர்கூட மன்னனைத் தேரிலிருந்து இறக்கிவிட்டுத்தான் அச்சையும் ஆழியையும் எண்ணினார்.

இதனைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வந்தவர்களுள் சிலர் எங்கள் பழைய கட்டடத்தைப் பார்த்து மயங்கினர். இதனை இப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டனர். மழைக்காலத்தில் அதன் கூரையின்கீழ் வாளி வைத்துப் பாடம் நடத்தியவன் நான். பிறருடைய வறுமை பழையதாகிவிட்டால் அழகாகத் தோன்றுவது உலக இயல்பு போலும்.

எங்கள் காவலாளி எழுபத்தாறு வயது முதியவர். அத்தோட்டத்திலேயே பிறந்து பால்வெட்டி ஓய்ந்தவர். அவரும் மோரிஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். 1959இல் தமக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, பெரிய கிராணியிடம் இதே போன்ற வண்டி இருந்ததாகவும், வெள்ளிக்கிழமைதோறும் அதனைக் கழுவுவது தம் வேலை என்றும் சொன்னார். கழுவியதற்குப் பத்துக் காசு. அந்தக் கைகளைத் துடைக்கும்போது மட்டும் கிராணியார் அருகில் நின்று, உடைத்துவிடாதே என்று அதட்டுவாராம். உள்ளே ஒரு நாளாவது உட்கார்ந்தீர்களா என்று கேட்டேன். “வெளியதான் ஐயா நம்ம வேல” என்றார். நான் பெரியவரிடம் இதனைச் சொல்லவில்லை. ஆனால், அவர் முதியவரின் விரல் அந்தத் தூணைத் தடவுவதைக் கண்டு, தாமாகவே முன்கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இருவருமாகத் திடலை இரண்டு முறை சுற்றி வந்தனர். பிள்ளைகள் பின்னால் ஓடினர்.

அவர் செருப்பைக் கழற்றியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெயர்ப்பலகையைத் துடைத்து வைத்தேன். மணியைத் துடைத்து வைத்தேன். பதிவேடுகளுக்குப் பெட்டி செய்யச் சொன்னேன். பள்ளியில் அப்போது பத்தொன்பது பிள்ளைகள் இருந்தனர். பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவுக்கு அவர்கள் எவ்வாறு வருவார்கள் என்று நான் எவரையும் கேட்டதில்லை. கட்டடத்துக்கான தாள்கள் என் மேசைக்கு வந்தன, கையொப்பமிட்டேன். அத்தாள்களில் வகுப்பறைகளின் எண்ணிக்கை இருந்தது, கழிவறைகளின் எண்ணிக்கை இருந்தது, வாகன நிறுத்துமிடம்கூட இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கான வண்டி இல்லை. யாரும் மறந்தார்கள் என்று சொல்லமாட்டேன். கேட்க வேண்டியவன் நான். புதிய குடியிருப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியில், உள்ளே இருக்கும் பத்தொன்பது பேரைக் கணக்கில் எடுக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசிய அந்தப் பழைய மாணவர் பலகை என்று சொன்னது இதைத்தான். அவருக்கு நான் தந்த விளக்கம் அவர் கேளாத கேள்விக்கான விடை.

உரிமத்தை எடுத்துச் செல்வது தவறன்று. இன்றும் நான் அக்கருத்தையே கொண்டிருக்கிறேன். ஏற்றிவந்த பிள்ளைகளை வழியில் இறக்கிவிட்டுத் தகட்டை மட்டும் கொண்டுபோய்ப் புதிய உடலில் அறைந்தால், அது மோரிஸ்காரர் செய்ததாகாது. உறுப்பு ஒவ்வொன்றையும் மாற்றலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும்.

நண்பகலுக்குள் ரேடியேட்டர் ஆறிவிட்டது. நீர் நிரப்பினார்கள். முதல் முயற்சியில் இயந்திரம் எழவில்லை. பிள்ளைகளும் பெற்றோருமாகப் பின்னாலிருந்து தள்ளினோம். செம்மண் பாதையின் முனையில் அது இருமி உயிர்பெற்று, இடக் கையை நீட்டிக்கொண்டு, மற்றப் பத்து வண்டிகளுக்கும் முன்னே சாலையில் ஏறியது.

அன்று மாலையே ஒவ்வொரு வீடாகச் சென்று கணக்கெடுத்தேன். பத்தொன்பது பிள்ளைகளுள் பதினாறு பேர் வீட்டில் மகிழுந்து இல்லை. மோட்டார் சைக்கிள் மட்டுமே. ஏழு பேரின் தாய்மார் விடியற்காலையிலேயே வேலைக்குச் செல்பவர்கள். மறுவாரம் கடிதங்கள் எழுதத் தொடங்கினேன். பதில் வந்தவையும் உண்டு, வராதவையும் உண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் புதிய கட்டடத்தில் பள்ளி தொடங்கியது. பழைய மணியைத்தான் அடித்தோம். முதல் மூன்று மாதங்கள் ஆசிரியர் இருவரும் நானுமாக எங்கள் வண்டிகளில் இயன்ற பிள்ளைகளை ஏற்றி வந்தோம். வேன் ஜூன் மாதத்தில்தான் கிடைத்தது.

அதற்குள் ஐந்து பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோர் தோட்டத்துக்கு அருகிலுள்ள மலாய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டனர். பதிவேட்டில் அவ்வைவர் பெயர்களுக்கு நேரே ‘விலகினர்’ என்று என் கையால்தான் எழுதினேன். மோரிஸைப் பார்த்து வினாக் கேட்ட சிறுமியின் பெயர் அவற்றுள் மூன்றாவது.